மண்டபத்துக்கு மேலே உள்ள ஆகாயம்

ஹார்பெல் தோட்ட முன்னாள் தொழிலாளர் ஒற்றுமை மன்றத்தின் மண்டபக் கூரையில் ஓர் ஓட்டை இருந்தது. இருக்கிறது என்பது புலாவ் செபாங் வட்டாரம் முழுவதற்கும் தெரியும். எங்கே இருக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் தெரியாது. தகரக் கூரையின் ஏதோ ஒரு மூலையில் நுழையும் மழைத்தண்ணீர், உள்ளே அடித்திருக்கும் சீலிங் பலகைமேல் ஊர்வலம் போய், மண்டபத்தில் வேறு எவ்வளவோ இடம் இருக்க, மணவறை வைக்கும் இடத்துக்கு நேராக வந்துதான் சொட்டும். ஜூலையில் நடந்த ஒரு கல்யாணத்தில் ஓமகுண்டம் மூன்று தடவை அணைந்தது. குருக்கள் ஒரு கையில் குடையும் மறுகையில் நெய்க் கரண்டியுமாக மந்திரம் சொன்னார். பெண்ணின் நெற்றிக் குங்குமம் மூக்கு நுனி வரைக்கும் இறங்கிவிட்டது. அந்தப் படம் வாட்ஸ்அப்பில் சுற்றியபோது எல்லாரும் சிரித்தார்கள், அங்கமுத்துவைத் தவிர.

அங்கமுத்துவுக்கு எப்படிச் சிரிப்பு வரும்? நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை அதே மண்டபத்தில், அதே மணவறையில், அவருடைய மூத்த மகள் ஷாந்தினிக்குக் கல்யாணம். பத்திரிகை அடித்து முக்கால்வாசி கொடுத்தாயிற்று. தம்பினிலிருந்து அலோர் காஜா வரைக்கும் வேறு மண்டபம் எதுவும் அந்தத் தேதிக்குக் காலியில்லை. நவம்பரில் மழை பெய்யாமல் இருக்குமா என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். செங் தொழிற்பேட்டையில் இருபத்தேழு வருடமாக ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர் அங்கமுத்து. இத்தனை வருடத்தில் ஒரு பெட்டியைக்கூடக் கீழே போட்டதில்லை. அவர் கேட்டதெல்லாம் மகள் நெற்றியில் வைத்த பொட்டு தாலி கட்டும்வரை வைத்த இடத்தில் இருக்கவேண்டும் என்பதுதான்.

கூரை வேலை செய்யும் ஆ கியோங்கைக் கூட்டிவந்து காட்டினார். அந்தக் காலத்தில் தோட்டத்தில் கடை வைத்திருந்த சீனரின் மகன் ஆ கியோங். நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார். மண்டபத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஓட்டை எங்கன்னு காட்டு, அரை மணி நேரத்துல அடைச்சுத் தர்றேன் அண்ணே. எங்கன்னு தெரியாம என் ஆள ஏத்த மாட்டேன். மரச்சட்டமெல்லாம் கரையான் தின்னுருச்சு. மேல நடந்தா கீழ வந்துருவான்." பிறகு அவரே வழியும் சொன்னார். "டுரோன் இருக்குல்ல, கேமரா வச்சது? ஒண்ண மேல விட்டுப் படம் எடு. அஞ்சு நிமிஷ வேலைலா."

அந்த ஐந்து நிமிட வேலை நான்கு மாதம் ஓடிய கதைதான் இது.

அங்கமுத்துவோடு வேலை செய்யும் ஹரிதாஸ், வாரக் கடைசியில் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். அவனிடம் சொந்தமாக ஒரு டுரோன் இருந்தது. சனிக்கிழமை வந்து சும்மா எடுத்துத் தருகிறேன் என்றான். அதோடு காரியம் முடிந்திருக்கும். ஆனால் அங்கமுத்து நல்ல மனுஷர். மன்றத்து மண்டபம், மன்றத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று நினைத்தார். கேட்டதுதான் வினை.

மன்றச் செயலாளர் சாமிநாதன் அவருடைய கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இதில் தேதி வலது பக்கம் இருக்கிறது, இடது பக்கம் போட்டு எழுதி வாருங்கள் என்றார். எழுதிக்கொண்டு போனார். 'மாண்புமிகு தலைவர் அவர்கள் மூலமாக' என்ற வரி விட்டுப்போயிற்று என்றார். அதையும் சேர்த்துக்கொண்டு போனார். மூன்று வாரம் கழித்து நிர்வாகக் கூட்டத்துக்கு அழைப்பு வந்தது.

தலைவர் மணியம் இருபத்தாறு வருடமாகத் தலைவர். தோட்டத்தில் ஸ்டோர்க் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். மண்டபத்தில் அவருடைய படம் மூன்று இடத்தில் தொங்கும். நுழைவாயிலில் ஒன்று, மேடையில் ஒன்று, சமையல்கட்டில் ஒன்று. சமையல்கட்டில் எதற்கு என்று ஒரு சமையல்காரர் கேட்டதாகவும், அடுத்த கல்யாணத்திலிருந்து அவரைக் காணவில்லை என்றும் சொல்வார்கள். அங்கமுத்து நின்றுகொண்டு விஷயத்தைச் சொன்னார். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு கண்ணைத் திறக்காமலே பேசினார்.

"அங்கமுத்து, நீங்க கேக்கறது நியாயம். ஆனா யோசிக்கணும். தரை மன்றத்துது. சுவர் மன்றத்துது. கூரை மன்றத்துது. அப்ப கூரைக்கு மேல இருக்கற ஆகாயம் யாருது? வெளியாள் ஒருத்தன் நம்ம ஆகாயத்துல வந்து நம்ம ஓட்டையப் படம் எடுத்துட்டுப் போனா, நாளைக்கு அந்த ஓட்டை யாருக்குச் சொந்தம்?"

நிர்வாகக் குழு கைதட்டியது. அங்கமுத்துவும் பழக்க தோஷத்தில் தட்டிவிட்டார்.

சாமிநாதன் விதிப் புத்தகத்தைப் புரட்டி விளக்கினார். சில வருடங்களுக்கு முன் மன்ற ஆண்டுவிழாவில் வெளியாள் ஒருவர் வீடியோ எடுத்தபோது, தலைவர் ஆழ்ந்து சிந்தித்துக்கொண்டிருந்த காட்சி, வாய் திறந்திருந்த காரணத்தால் தூங்குவதுபோலத் தெரிந்து, ஊரெல்லாம் பரவிவிட்டது. அன்றிலிருந்து மன்ற எல்லைக்குள் படம் எடுப்பதென்றால் மன்றத்தின் சொந்தக் கேமராவால், மன்றப் பொறுப்பாளர் கையால்தான் எடுக்கவேண்டும். மன்றத்திடம் ஒரு கேமரா இருந்தது. அது ஃபிலிம் போடுகிற கேமரா. அலமாரிக்குள் இருந்தது. அலமாரிச் சாவி, முந்தைய செயலாளர் சொர்க்கம் போனபோது அவரோடு போய்விட்டது.

ஆகவே மன்றமே சொந்தமாக ஒரு டுரோன் வாங்குவதா வேண்டாமா என்பதை ஆராய ஐவர் குழு அமைக்கப்பட்டது. டுரோன் என்றால் என்ன என்று குழுவில் இருவர் கேட்டார்கள். அதையும் ஆராயுமாறு தீர்மானத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

ஆய்வுக் குழு செய்த முதல் காரியம் கெந்திங் மலைக்குப் போனது. எதற்கு என்று அங்கமுத்து கேட்டார். உயரத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று தெரியாமல் எப்படி டுரோன் வாங்குவது என்று சாமிநாதன் திருப்பிக் கேட்டார். பதிலில் தப்புச் சொல்ல இடமில்லை. இரண்டு நாள், பஸ் வைத்துக்கொண்டு, குடும்பத்தோடு போனார்கள். கேபிள் காரில் மூன்று தடவை ஏறி இறங்கி உயரத்தை ஆராய்ந்தார்கள். திரும்பி வந்து இருபத்திரண்டு பக்க அறிக்கை கொடுத்தார்கள். அதில் பத்தொன்பது பக்கம் குழுவினர் ஸ்வெட்டர் போட்டு நின்ற படங்கள். மீதி மூன்று பக்கத்தில் கண்டுபிடிப்புகள் இருந்தன. மேலேயிருந்து பார்த்தால் மனிதர்கள் சின்னதாகத் தெரிகிறார்கள். மேலே குளிராக இருக்கிறது. மேலேயிருந்து பார்த்தால் தலை மட்டும்தான் தெரிகிறது.

இந்த மூன்றாவது கண்டுபிடிப்பில்தான் எல்லாம் நின்றுபோனது.

மகளிர் பிரிவுத் தலைவி உஷாராணி எழுந்தார். மன்ற நிகழ்ச்சி என்றால் ஒரே நிறத்தில் பட்டுச்சேலை எடுத்து இருபது பெண்களை வரிசையில் நிறுத்திவிடுகிற ஆற்றல் உள்ளவர்.

"பட்டுச்சேலைக்கு முந்தானையும் கரையும்தான் அழகு. மேலருந்து எடுத்தா கொண்டை மட்டும்தான் விழும். கொண்டையக் காட்டவா நாங்க மன்றத்துக்கு வர்றோம்?"

 தலைவருடைய கை தன்னையறியாமல் உச்சந்தலைக்குப் போய் வந்தது. இடது காதோரம் வளர்த்து, எண்ணெய் வைத்து, வலது காதுவரை கொண்டுபோய்ப் படியவைத்த முடிக்கு அடியில் அவருக்கு ஒரு வட்டம் இருந்தது. அதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே இரண்டு பேர்தான். ஒருவர் அவர் மனைவி, இன்னொருவர் முடிவெட்டும் கடைக்காரர். டுரோன் மூன்றாவதாக வருவதில் தலைவருக்கு விருப்பமில்லை. விவகாரம் ஆழமானது என்று சொல்லி அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்.

அங்கமுத்து வீட்டில் வந்து சொன்னபோது அவர் மனைவி நிர்மலாதேவி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நீங்க ஓட்டையப் பத்திப் போய்க் கேட்டீங்க. அவங்க கொண்டையப் பத்திப் பேசி அனுப்பியிருக்காங்க. அதையும் கேட்டுட்டு வந்திருக்கீங்க."

ஷாந்தினி சிரித்துக்கொண்டே, குருக்கள் கையில்தான் குடை இருக்குமே, நானும் அதற்குள் நுழைந்துகொள்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு அறைக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை. அங்கமுத்துவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தகப்பன் மகளுக்கு நகை போடாமல் இருக்கலாம், சீர் குறைவாகச் செய்யலாம். ஒரு சொட்டுத் தண்ணீரைத் தடுக்க முடியாதவன் என்ன தகப்பன் என்று அவருக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

ஆத்திரத்தில் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு குறுக்கு வழி யோசித்தார். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு, ஊர் பசியாறப் போயிருக்கும் நேரம் பார்த்து, ஹரிதாஸைக் கூட்டிக்கொண்டு மண்டபத்து வாசலுக்குப் போனார். ஹரிதாஸ் பையைத் திறந்து டுரோனை வெளியே எடுத்தான். அதன் நான்கு கைகளையும் விரித்தான். அந்த நேரம் பார்த்துச் செயலாளர் சாமிநாதன், உடம்பு இளைக்க ஓடுகிறேன் என்று கால்சட்டை போட்டுக்கொண்டு அந்தப் பக்கமாக நடந்து வந்தார். நின்றார். கால்சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஓடப்போகிறவர் எதற்கு நோட்டுப் புத்தகம் கொண்டுவருகிறார் என்று யாரும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை கடிதம் வந்தது. 'ஆகாய அத்துமீறல் முயற்சி' என்று தலைப்பு. டுரோன் பறக்கவே இல்லையே என்று அங்கமுத்து விளக்கம் எழுதினார். 'கைகளை விரித்தது பறக்கும் நோக்கத்தைத் தெளிவாகக் காட்டுகிறது' என்று பதில் வந்தது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் மண்டப முன்பதிவு ரத்தாகும் என்று கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது. ஹரிதாஸ் டுரோனை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டான்.

அக்டோபர் போனது. நவம்பர் வந்தது. தினமும் நாலு மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து ஊற்றியது. நிர்வாகக் குழு கூடிக் கூடிக் கலைந்தது. ஒரு கூட்டத்தில் டுரோனுக்கு என்ன நிறம் என்று பேசினார்கள். இன்னொரு கூட்டத்தில் டுரோன் மன்ற உறுப்பினரா, மன்றச் சொத்தா, உறுப்பினர் என்றால் அதற்கு வாக்குரிமை உண்டா என்று பேசினார்கள். தலையா முகமா என்ற முக்கியப் பிரச்சினைக்குச் சாமிநாதன் ஒரு தீர்வு கொண்டுவந்தார். டுரோன் பறக்கும்போதெல்லாம் பொறுப்பாளர்கள் அனைவரும் அண்ணாந்து பார்க்கவேண்டும். அண்ணாந்தால் முகம் தெரியும், மாலை தெரியும், வட்டம் தெரியாது. வட்டம் என்ற சொல்லை அவர் பயன்படுத்தவில்லை, 'பிற விவரங்கள்' என்றார். தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்குப் பிறகும் வாங்குவதா வேண்டாமா என்பது மட்டும் முடிவாகவில்லை. யோசித்து முடிவெடுக்கிற மன்றம் இது, அவசரப்படுவது இங்கே பழக்கமில்லை என்றார் தலைவர்.

கல்யாணத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. வெள்ளிக்கிழமை கோயிலில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்த நிர்மலாதேவி, பக்கத்தில் நின்ற உஷாராணியிடம் சாதாரணமாக ஒரு பேச்சுப் போட்டாள். "சுங்கை ரம்பாய்ப் பக்கத்துல ஒரு மன்றம் டுரோன் வாங்கிட்டாங்களாமே அக்கா. அடுத்த வாரம் திறப்பு விழாவாம். பேப்பர்காரங்கள்லாம் வர்றாங்களாம்." அவ்வளவுதான் சொன்னாள். அப்படி ஒரு மன்றமும் இல்லை, டுரோனும் இல்லை. அம்மன் முன்னாலேயே இப்படிப் புளுகினாயே என்று அங்கமுத்து பிறகு கேட்டதற்கு, அம்மனுக்கும் நம் மண்டபத்தைப் பற்றித் தெரியும் என்றாள்.

வெள்ளிக்கிழமை மாலை செய்தி தலைவர் காதுக்குப் போனது. சனிக்கிழமை அவசரக் கூட்டம். திங்கட்கிழமை மன்றத்துக்கு டுரோன் வந்துவிட்டது. நான்கு மாதம் யோசித்ததற்கு, வாங்கிய வேகத்தில் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

ஓட்டுவது யார் என்று கேள்வி வந்தபோது உதவித் தலைவர் தேவனைப் பறப்பு அதிகாரியாகத் தேர்ந்தெடுத்தார்கள். நிர்வாகக் குழுவிலேயே விமானத்தில் இரண்டு தடவை சென்னைக்குப் போய்வந்தவர் அவர் ஒருவர்தான். அதிலும் இரண்டு தடவையும் ஜன்னல் ஓரம். ஹரிதாஸ் கற்றுக்கொடுக்க வருகிறேன் என்றதற்கு, பறப்பதில் உள்ள நுணுக்கம் பறந்தவனுக்குத்தான் தெரியும் என்று தேவன் சொல்லி அனுப்பிவிட்டார்.

கல்யாணத்துக்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை மாலை, டுரோன் தொடக்க விழா. நிகழ்ச்சி நிரலில் பதினான்கு அம்சங்கள். பதினான்காவது இப்படி இருந்தது: 'கூரையைப் படம் எடுத்தல் (நேரம் இருந்தால்).' அங்கமுத்து அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். நாலு மணிக்கு மழை வரும். விழா மூன்று மணிக்கு. கணக்கு உதைத்தது.

மண்டபத்துக்கு வெளியே திடலில், டுரோனை முன்வரிசையில் ஒரு நாற்காலியில் உட்காரவைத்திருந்தார்கள். அதற்குப் பொன்னாடை போர்த்தினார்கள். தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை போர்த்தியவருக்கும் பொன்னாடை போர்த்தினார்கள். கடையில் புதுக் கார் எடுத்தால் செய்கிற மாதிரி டுரோனின் நான்கு கைகளுக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சக்கரம் இல்லாததால் பழத்தை நசுக்குவது எப்படி என்று குழப்பம் வர, தேவன் கையாலேயே நசுக்கினார். உஷாராணி சந்தனம் குழைத்து, டுரோனின் முன்பக்கம் பளபளவென்று இருந்த ஒரு வட்டக் கண்ணாடியைப் பார்த்து, அதன்மேல் வைத்து, நடுவில் குங்குமமும் வைத்தார். அது கேமரா அக்கா என்று ஹரிதாஸ் கூட்டத்திலிருந்து சொன்னான். கேமரான்னா கண்ணுதானே, கண்ணுல இருந்துதானே திருஷ்டி வருது என்று உஷாராணி சொல்லிவிட்டார். 

தலைவர் பேசினார். அண்ணாந்து பேசினார், தீர்மானத்தை மதித்து. டுரோன் இன்னும் நாற்காலியில்தான் இருந்தது, ஆனாலும் அண்ணாந்தே பேசினார். நாற்பது நிமிடம் பேசியதில் கழுத்து பிடித்துக்கொண்டது. அவர் சொன்னதில் அங்கமுத்துவுக்கு ஒரே ஓர் இடம்தான் ஞாபகம் இருக்கிறது.

"ஒரு ஓட்டை வந்தப்ப, சாதாரண ஆளா இருந்தா அத அடைச்சிட்டுப் போயிருப்பான். ஆனா நாம தலைவர்கள். நாம அந்த ஓட்டைய ஒரு வாய்ப்பா மாத்தினோம்."

கைதட்டல் அடங்கியதும் பதின்மூன்றாவது அம்சம். தலைவர் கைகூப்பிச் சிரிக்கும் படமும், 'விண்ணிலும் உங்கள் தொண்டன்' என்ற வாசகமும் அச்சடித்த பிளாஸ்டிக் பேனர், ஓர் ஆள் உயரத்துக்கு. அதை டுரோனுக்கு அடியில் கட்டி ஊரைச் சுற்றி வரவேண்டும். ஹரிதாஸ் பொறுக்க மாட்டாமல் ஓடிவந்தான். இவ்வளவு பாரம் தூக்காது அங்கிள் என்றான்.

தலைவர் அவனைப் பரிதாபமாகப் பார்த்தார். "அதுல என்னோட படம் மட்டும்தானே தம்பி இருக்கு. நானேவா உக்காரப் போறேன்?"

தேவன் பொத்தானை அழுத்தினார். டுரோன் உறுமியது. எலுமிச்சம்பழத் தோல்கள் நாலாபக்கமும் பறந்தன. குடித்தவன் படியேறுவதுபோல் அது மேலே ஏறியது. பேனர் விரிந்தது. பொறுப்பாளர்கள் அத்தனை பேரும் அண்ணாந்தார்கள். அண்ணாந்த முகங்களில் முதல் மழைத்துளிகள் விழுந்தன. காற்று பேனருக்குள் புகுந்து, டுரோனை மண்டபத்துப் பக்கம் இழுத்தது. தேவன், ஜன்னல் ஓரத்தில் கற்ற வித்தை எல்லாவற்றையும் காட்டினார். டொம் என்று ஒரு சத்தம். தலைவர் மணியம் கைகூப்பிய கோலத்தில் மன்றக் கூரைமேல் மல்லாந்து படுத்தார்.

மழை பிடித்துக்கொண்டது. எல்லாரும் மண்டபத்துக்குள் ஓடினார்கள். யார் தப்பு என்று உடனே வாதம் ஆரம்பித்தது. தப்பு காற்றினுடையது என்றார் தேவன். காற்றுக்கு அழைப்பு அனுப்பவில்லையே என்றார் சாமிநாதன். டுரோனை இயக்கும் கருவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சண்டை போட்டார்கள். அதன் திரை இன்னும் அணையவில்லை. அங்கமுத்து மட்டும் கிட்டே போய்ப் பார்த்தார்.

மழையில் சந்தனம் கரைந்து திரையெல்லாம் குங்குமச் சிவப்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தால் சிவப்புக்குள் தகரம் தெரிந்தது. ஆணி கழன்று இரண்டு தகடுகள் வாய் பிளந்து, பேனரின் விளிம்புக்கு அடியில் போய் மறையும் ஓர் இடம் தெரிந்தது. நான்கு மாதமாக அவர் தேடிய ஓட்டை. அதன்மேல் பேனர் கச்சிதமாக விழுந்து, மழையில் நனைந்து, தகரத்தோடு தகரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. படம் துளியும் அசையாததால், டுரோன் அதன்மேல் பேப்பர் பறக்காமல் வைக்கிற கல்லுமாதிரி உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்தது. பிறகு பேட்டரி தீர்ந்து திரை கறுத்தது.

அங்கமுத்து மெல்ல நடந்து மணவறை வைக்கும் இடத்துக்குப் போய் நின்றார். உள்ளங்கையை நீட்டினார். வெளியே அடைமழை. பத்து நிமிடம் அப்படியே நின்றார். கை காய்ந்தே இருந்தது. அவருக்கு அழுகை வந்தது. நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை.

அங்கேயே நாற்காலிகளை இழுத்துப் போட்டு அவசரக் கூட்டம் நடந்தது. தலைவருக்குத் தாங்கவில்லை. தன் படம் கூரைமேல் மழையில் கிடப்பது மன்றத்துக்கே அவமானம், நாளைக் காலையிலேயே யாரையாவது பிடித்து இறக்கவேண்டும் என்றார். இவ்வளவு சீக்கிரமாக ஒரு வேலையைச் செய்ய அவர் நினைத்தது அன்றுதான். ஆ கியோங்கைக் கூப்பிடலாம் என்றார் ஒருவர். பெரிய ஏணி ஒன்று தம்பினில் இருக்கிறது என்றார் இன்னொருவர்.  பேனரை எடுத்தால் ஓட்டை திறக்கும். திறந்த ஓட்டையை அடைக்க யார், எந்தத் தீர்மானத்தின் கீழ், எந்த மாதம்? கல்யாணத்துக்கு ஏழே நாள்.

அவர் கையைத் தூக்கினார். நான்கு மாதம் இந்த மண்டபத்தில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் வீண்போகவில்லை.

"தலைவரே, அவசரப்படக் கூடாது. அது மன்றத்துச் சொத்து. எப்படி விழுந்துச்சுன்னு விசாரிக்காம எடுத்துட்டா ஆதாரம் அழிஞ்சுரும். நாளைக்கு யாராவது, தலைவர் படத்தோட பாரம் தாங்காமத்தான் விழுந்துச்சுன்னு சொன்னா நாம என்ன பதில் சொல்றது? மொதல்ல ஒரு விசாரணைக் குழு போடணும். அது வரைக்கும் அத யாரும் தொடக் கூடாது."

 சாமிநாதன் பேனாவைத் திறந்தார்.

"அப்புறம், குழு ஒரு ஆய்வுப் பயணம் போகணும். மேலருந்து எப்படி விழும்ங்கறத கெந்திங்ல ஆராயவே இல்ல. லங்காவித் தீவுல கேபிள் கார் இருக்காம். அங்கருந்து பாத்தாத்தான் புரியும். குடும்பத்தோட போகணும்."

முதலில் தட்டியது உஷாராணி. பிறகு கூட்டமே எழுந்து நின்று தட்டியது. தலைவர் மேடையிலிருந்து இறங்கிவந்து தன் தோளில் கிடந்த பொன்னாடையை எடுத்து அங்கமுத்துவுக்குப் போர்த்தினார். இத்தனை நாளும் மன்றத்தைப் புரிந்துகொள்ளாத ஒருவர் இன்று புரிந்துகொண்டார் என்று சொன்னார். விசாரணைக் குழுவுக்கு அங்கமுத்துவே செயலாளர் என்று ஒருமனதாக முடிவானது. முதல் கூட்டம் டிசம்பர் பிற்பகுதியில் என்று அவரே தேதி குறித்தார்.

மறுநாள் ஆ கியோங் மண்டப வாசலில் நின்று கூரையைப் பார்த்தார். ஓரத்தில் தலைவரின் கைவிரல் நுனி மட்டும் எட்டிப்பார்த்தது. இப்போதுதான் இடம் தெரிந்துவிட்டதே, அதை எடுத்துவிட்டு நல்லபடியாக அடைத்துத் தரட்டுமா என்று கேட்டார். அங்கமுத்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணம் முடியும்வரை அந்தப் பக்கமே வரவேண்டாம், வந்தால் ஆதாரத்தை அழித்ததாகக் கடிதம் வரும் என்று சொல்லி, கோப்பி வாங்கிக்கொடுத்து அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. முகூர்த்தம் ஒன்பதுக்கு. எட்டே முக்காலுக்கு, நாலு மணி மழை எல்லாம் ஒத்திகை என்கிற மாதிரி ஒரு மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தில் நாதஸ்வரம் கேட்கவில்லை. குருக்கள் ஜூலை ஞாபகத்தில் குடையை மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். மந்திரத்துக்கு இடையிடையே சீலிங்கைப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. குடையை மெல்ல மணவறைக்குப் பின்னால் நகர்த்தினார். ஓமகுண்டத்தில் நெருப்பு நின்று எரிந்தது. ஷாந்தினி தலை நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். நெற்றியில் பொட்டு வைத்த இடத்தில் இருந்தது.

தாலி கட்டும் முன் இரண்டு வார்த்தை பேசுகிறேன் என்று தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். நவீனத் தொழில்நுட்பத்தின் உதவியோடு மன்றம் இந்தக் கூரையைச் சீர்செய்து கொடுத்திருக்கிறது என்றார். கூட்டம் தட்டியது. அதில் ஒரு பொய்யும் இல்லை என்பதால் அங்கமுத்துவும் மனதாரத் தட்டினார்.

மேளம் கொட்டியது. அட்சதையை எடுத்துக்கொண்டு நிர்மலாதேவி கணவரின் காதோரம் குனிந்தாள். மேலே ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"இருபத்தாறு வருஷத்துல தலைவர் நமக்காக மழையில நனையறது இதுதான் மொத தடவை."

தாலி ஏறும் நேரத்தில் பெண்ணைப் பெற்றவர் ஏன் அப்படிக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார் என்று மாப்பிள்ளை வீட்டார் இன்றைக்கும் கேட்கிறார்கள். விசாரணை நடந்துகொண்டிருக்கிறது, அறிக்கை வந்ததும் சொல்கிறேன் என்கிறார் அங்கமுத்து. சின்ன மகளுக்கு இப்போதுதான் வரன் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்கள்.